ஓடுபாதை முனையில் நீ கண்ட காற்று

தென்காசி
ஜூலை 17, வியாழன்

அன்பு மகள் மாஜிதாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். எதுவும் விட்டுப்போகாமலிருக்க வரிசை போட்டுக்கொள்கிறேன்:

1. உம்மாவின் முழங்கால்
2. நீ கொடுக்க வேண்டிய விளக்கம்
3. நேற்று குற்றாலம் போனது (வெறும் செய்தி)

உம்மாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. மாடிப்படி ஏறாதே என்றால் மட்டும் கேட்பதில்லை.

இரண்டாவது. விமான நிலைய வானிலை அலுவலகத்திலிருந்து நீ கொடுத்த எச்சரிக்கையால், இறங்க வந்த விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். நாலு நிமிடம் முன்னால் இறங்கிய விமானி ஒரு ஆட்டமும் இல்லை என்றதால், உன் மேலதிகாரிகள் உன்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். நீ ராடாரில் கண்டதை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்து. ஓடுபாதை முனையில் மேகத்திலிருந்து காற்று கீழே விழுந்து சிதறியது, மழைத்துளிகள் ஒருபுறம் ராடாரை நோக்கியும் மறுபுறம் விலகியும் ஓடின, அதற்குள் நுழையும் விமானம் முதலில் எதிர்க்காற்றில் தூக்கப்பட்டு உடனே பின்காற்றில் வேகமிழந்து விழலாம். இருந்தாலும் முன்னால் போனவரே ஒன்றுமில்லை என்கிறபோது, அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் வேலை நிலைக்கும் என்பது என் எண்ணம். உம்மாவோ, "எம் மவ கண்ணால பாத்தத இல்லன்னு எழுதச் சொல்லுதீயளே, நீங்கள்லாம் ஒரு வாத்தியாரா?" என்கிறாள். முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தினேன். மேலதிகாரியை மறுத்து ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

மூன்றாவது. நேற்று பக்கத்து வீட்டு ஸ்டான்லியோடு ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல். கடைகளின் முன் நிற்கும்போது மலையிலிருந்து ஒரு காற்று இறங்கி, முத்துச்செல்வியின் சிப்ஸ் கடைத் தார்ப்பாயைப் பிய்த்துச் சாலைக்கு அந்தப்பக்கம் எறிந்தது. இருபதடி தள்ளிக் காமராஜின் பழக்கடையில் பொட்டலத் தாள்கூட அசையவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, இங்கன ஒரு காத்தையும் காணல, நீதான் கயித்த ஒழுங்கா கெட்டல" என்றார். அவள், "அண்ணாச்சி, இங்கன வந்து நின்னுட்டுச் சொல்லும்" என்றாள். நான் காமராஜ் பக்கம் நின்றிருந்தேன். நானும் கயிற்றைத்தான் குறை சொன்னேன்.

இதுவரை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். இருபதடியில் எனக்கே தெரியாமல் போன காற்று, நாலு நிமிடம் முன்னால் போனவருக்கு எப்படித் தெரியும்? கண்டதைக் கண்ட நேரத்தோடு எழுது. ராடார் படத்தின் நகலை மறக்காமல் இணை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ விளக்கம் கொடுக்க வேண்டும், தபால் அதற்குள் வந்து சேராது என்பதால், இதைப் படமெடுத்து இன்றே அனுப்பும்படி உன் தம்பி சமீரிடம் கொடுக்கிறேன். அல்லாஹ் உனக்குத் துணையிருப்பான். வேலை போனாலும் போகட்டும் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனால் இரண்டாவதாக நான் எழுதியது தவறு, மகளே.

உன் வாப்பா
கிதிர் முகம்மது