வாசல் சூடு

பதிவு 1
வண்டி: நண்டு-3. நிலைய நேரம்: காலை 6:40. புறப்பாடு.

ஓட்டுநர்: உலகம்மை. வயது: பதினாறு. அனுமதி: இல்லை. சேருமிடம்: கடல்.

வெளி வெப்பநிலை மைனஸ் நூற்று எழுபத்தொன்பது. காற்றழுத்தம் இயல்பு. பேட்டரி நிறைவு. சுவாசக் காற்று சிலிண்டர், முள் பாதியில் நிற்குது. போய்ட்டு வரத் தாராளம். வண்டியில ஏறினா பதிவு போடணும்கிறது விதி, போட்டுட்டேன். நான் ஒண்ணும் விதியை மதிக்காதவ இல்ல. ஒரே ஒரு விதியத்தான் மீறியிருக்கேன்.

இதக் கேக்கிறது யாரா இருந்தாலும் சரி, கேட்டுக்கிடுங்க. இது சனிக்கோளோட நிலா, டைட்டன். இங்க கடல் இருக்கு. தண்ணி இல்ல, மீத்தேன். எங்க புதுக்கரை நிலையத்துல இருந்து வண்டியில மூணு மணி நேரந்தான். நான் பொறந்ததே இங்கதான், இன்னும் அதக் கண்ணால பாத்ததில்ல. பதினெட்டு வயசு முடிஞ்சாத்தான் வெளிய விடுவாங்களாம். எங்கக்கா ஆவுடை இங்க வண்டி ஓட்டுறா. தெனமும் வெளிய போறா, வாரா. எப்படி இருக்கும்னு கேட்டா, "என்னட்டி இருக்கு அங்க, ஒரே பழுப்பு மூட்டம்"னு சொல்லிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கிடுவா. அவளுக்கென்ன, சொல்லுவா.

இன்னைக்கு அவளுக்கு லீவு, குறட்டை விட்டுத் தூங்குறா. பெரிய வண்டியும் ஆட்களும் பனிக்கட்டிக் குவாரிக்குப் போயிருக்காங்க. அம்மா பயிர்க்கூடத்துல கீரை பறிச்சுக்கிட்டு இருக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள திரும்பிருவேன். ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல.


பதிவு 2
காலை 9:55. கடற்கரை.

எம்மா! வந்துட்டேன்.

சரி, முறையாச் சொல்லுதேன். வெளிச்சம் மங்கல். காற்று இல்லை. கடல் அமைதி. அமைதின்னா அப்படி ஒரு அமைதி, ஒரு அலை கூடக் கிடையாது. தட்டுல எண்ணெய ஊத்தி வச்ச மாதிரி கிடக்குது. அம்மா பூமியில பாத்ததாச் சொல்ற தூத்துக்குடிக் கடல் வேற கடல் போலருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு முதல்ல சப்புன்னு ஆயிட்டு.

அப்புறம் நிமிந்து தூரத்துல பாத்தேன். நிலையத்துல எங்க நின்னு எங்க பாத்தாலும் கடைசியில ஒரு சுவரு வந்துரும். இங்க சுவரே வரல. பாக்கப் பாக்கப் போய்க்கிட்டே இருக்கு. எனக்கு அழுகை வந்துட்டு. எதுக்குன்னு கேக்காதீங்க. சந்தோசந்தான்.

இப்ப மழை பெய்யுது! ஒவ்வொரு துளியும் நெல்லிக்காய் பெருசு. அவசரமே இல்லாம மெதுவா எறங்குது, கையை நீட்டி ஒவ்வொண்ணாப் புடிக்கலாம் போல. கவச உடைய மாட்டிக்கிட்டு எறங்கப் போறேன். கடல்ல கையை வைக்காமப் போனா நான் உலகம்மை இல்ல. ஹீட்டரைக் கடைசி வரைக்கும் கூட்டி வச்சிருக்கேன், திரும்பி வரும்போது உள்ள கதகதன்னு இருக்கணும்லா.


பதிவு 3
காலை 11:20. அதே இடம்.

வண்டி நகரல.

நான் கரையில ஆட்டம் போட்டுட்டுத் திரும்பி வந்து பாத்தா, சக்கரம் பாதி மணலுக்குள்ள கிடக்கு. வண்டியோட வயிறு சூடு. அந்தச் சூட்டுல ஈர மணல்ல இருக்கிற மீத்தேன் கொதிச்சு ஆவியாகுது, மணல் கஞ்சி மாதிரி ஆயிருது. பாறை மேலதான் வண்டிய நிறுத்தணும், அதுவும் ஹீட்டரைக் குறைச்சுட்டுத்தான்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தவகிட்டக் கதை பேசிக்கிட்டு இருந்தேன்.

பதறிப் போய் வண்டிய முறுக்கினேன். அது தப்பு. மோட்டார் சூட்டுல இன்னும் எறங்கிட்டு. இப்ப கதவுப் படி வரைக்கும் சகதி. சாய்ஞ்சும் போச்சு.

செயற்கைக்கோள் தலைக்கு மேல வரும்போது மட்டுந்தான் நிலையத்தோட பேச முடியும். வந்ததும் கூப்பிட்டேன். நிலையத்துல ரேடியோ பாக்கிற ரொசாரியோ மாமா எடுத்தாரு.

"நண்டு-3ல யாரு? உலகா? அட பாவி மவளே! அங்க எப்படிட்டி போன?"

சொன்னேன். அழாமத்தான் சொன்னேன்.

"பெரிய வண்டி குவாரியில இருந்து அங்க வந்து சேர நாளைக்கு மத்தியானம் ஆயிரும். உங்கிட்டக் காத்து எவ்வளவு இருக்கு?"

முள்ளைப் பாத்துச் சொன்னேன். இன்னைக்கு ராத்திரி வரைக்குந்தான் வரும்.

"ஹீட்டரை அணை. இப்பவே அணை. எவ்வளவு குளிருனாலும் போடாத. நான் ஆவுடைய எழுப்புறேன்."

அணைச்சுட்டேன்.


பதிவு 4
மதியம் 1:10.

உள் வெப்பநிலை எறங்கிக்கிட்டே இருக்கு. கவச உடையத் திரும்ப மாட்டிக்கிட்டேன். ஜன்னல்ல உள்பக்கம் பனி. பல்லு தந்தியடிக்குது.

நண்டு-1ங்கிற இன்னொரு வண்டியில அக்கா வந்துக்கிட்டு இருக்கா, ரேடியோவுல கூப்பிட்டா. வண்டிக்கு வண்டி நேராப் பேசலாம், செயற்கைக்கோள் வேண்டாம்.

"ஏட்டி, உசிரோட இருக்கியா?"

இருக்கேன்க்கா.

"இருந்துக்கோ. வந்து வச்சுக்கிடுதேன் உன்ன. கோட்டிக்காரி, சிலிண்டர் முள்ளப் பாக்காம எவளாவது வெளிய எறங்குவாளா?"

பாத்தேன்க்கா, பாதி இருந்துச்சு.

"பாதியாம்லா பாதி! மூதி. பேசாத, காத்து செலவாகும். இல்ல, பேசு. பேசிக்கிட்டே இரு, தூங்கிறாத."

அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். சக்கரம் மாட்டிக்கிட்டுன்னு மட்டும் மாமா சொல்லியிருக்காராம். அம்மா பூமியில இருந்து வந்த பொறவு நிலையத்துக்கு வெளிய ஒரு நாளும் கால் வச்சதில்ல, மணலு கஞ்சியாகும்னெல்லாம் அவளுக்குத் தெரியாது. அது வரைக்கும் நல்லது.

அக்கா திட்டத் திட்ட எனக்குக் குளிரு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.


பதிவு 5
மாலை 3:25.

அக்கா வந்துட்டா! பாறை மேட்டுல நண்டு-1 நிக்குது, விளக்கு தெரியுது.

அங்கிருந்து இங்க வரைக்கும் காலை மழையில ஊறின மணல். வண்டி வராது. நடந்துதான் வரணும். கவச உடையோட பூட்ஸ்லயும் ஹீட்டர் உண்டு, அதப் போட்டுக்கிட்டு நடந்தா காலடியிலயே மணலு கஞ்சியாயிரும். அதனால அவ கால் ஹீட்டரை அணைச்சுட்டு வாரா. ரெண்டு தகடு வச்சிருக்கா. ஒண்ணுல நின்னுக்கிட்டு அடுத்தத முன்னால போடுறா, அதுல ஏறிப் பின்னால இருக்கிறத எடுக்கிறா. இடுப்புல கயிறு, கயித்துல சின்னச் சறுக்குப்பலகை, அதுல புது சிலிண்டர்.

"காலு இருக்கா போயிட்டான்னே தெரியலட்டி."

அழுதேன். சாரிக்கா சாரிக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

"சாரிய வச்சு என்ன வடையா சுட? வாய மூடிக்கிட்டுக் கேளு. முதல்ல சிலிண்டரைக் கதவு பக்கத்து வெளிக்கூண்டுல வைக்கிறேன். பொறவு நான் உள்ள வாரேன். தகடு ஒரு ஆளைத்தான் தாங்கும், ரெண்டு பேரும் திரும்பி நடக்க முடியாது. ஒட்டிக்கிட்டு நாளைக்கு வரைக்கும் இங்கயே இருந்துருவோம். புரிஞ்சுதா?"

புரிஞ்சுது. ஹீட்டர் பக்கமே என் கை போகாதுக்கான்னு சத்தியம் பண்ணினேன்.


பதிவு 6
மாலை 4:15.

நடந்ததை நடந்தபடி சொல்லணும். பதிவுன்னா அதுதானே.

அக்கா வந்து சேந்தா. சிலிண்டரைக் கூண்டுல வச்சுட்டா, வச்ச சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கதவைத் தட்டினா.

எங்க ஊர்ல வெளிய போய்ட்டு வாரவங்களுக்கு உள்ள இருக்கிறவங்க வாசல் சூடு போடணும். கதவுக்கு வெளிய, படிக்குக் கீழ, வெந்நீர் ஆவி மாதிரி சூடா ஊதும். காலுல ஒட்டின பனி உருகும், வெறச்ச காலுக்கு உசிரு வரும். தட்டுற சத்தம் கேட்டா யாரா இருந்தாலும் ஓடிப்போய்ப் போடுவோம். நிலையத்துல கதவு பாறை மேல இருக்கு, அங்க அதனால ஒண்ணும் ஆகாது. சண்டையில இருந்தாலும் போடணும். போடாம விட்டா அதைவிட ஒருத்தரை அவமதிக்க முடியாது. ஒரு தடவை அக்கா மேல கோவத்துல நான் போடல, அம்மா ஒரு வாரம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல.

வண்டியிலயும் கதவு பக்கத்துல அதே சுவிட்சு. அதே இடத்துல.

அவ தட்டினா. நான் போட்டேன்.

யோசிக்கவே இல்ல. ஹீட்டரைத் தொடக்கூடாதுன்னு மனசுல ஆயிரம் தடவை சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். இது ஹீட்டருன்னு என் கைக்குத் தெரியல. அக்கா காலு குளிருமேன்னுதான் இருந்துச்சு. கடவுளே, அவ காலு குளிருமேன்னுதான்.

"ஏட்டி, கீழ கொதிக்கே. என்னது?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அணைச்சேன். அணைச்சும் நிக்கல. படிக்குக் கீழ கொப்புளம் கொப்புளமா வந்துச்சு, தகடு ஒரு பக்கமாச் சாய்ஞ்சுது, அவ இடுப்பு வரைக்கும் போயிட்டா. படியப் புடிச்சா. கை நழுவிட்டு. நான் கதவைத் திறந்து படியில படுத்துக் கயித்தப் புடிச்சு இழுத்தேன். என்னால ஆன மட்டும் இழுத்தேன். இந்த நிலாவுல எல்லாம் எடை கம்மி, ஆனா சகதி விடலையே. அவ இடுப்புல கயித்த மாட்டியிருந்த கொக்கி பிச்சுக்கிட்டு வந்துட்டு.

"உள்ள போ. கதவை அடை. நீயும் விழுந்துராத."

மாட்டேன்னேன்.

"உலகு. சொன்னாக் கேளு. சிலிண்டரை எடு. வால்வை எடது பக்கம் திருகு. எடது பக்கம். கேக்குதா?"

அதுக்குப் பொறவு அவ தலையும் தெரியல. சகதி மேல கொஞ்ச நேரம் ஆவி வந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுட்டு.


பதிவு 7
மாலை 4:50.

ரேடியோ மட்டும் வேலை செஞ்சுச்சு. அவ உள்ள இருந்து பேசினா. எவ்வளவு ஆழத்துல இருந்தான்னு தெரியல. கவச உடைக்குள்ள காத்து இருந்துச்சு, குளிருதான் தாங்கல.

பெரிய வண்டி வந்துரும்க்கா, தோண்டி எடுத்துருவாங்கன்னு நான் சொன்னேன். அதுக்குள்ள வராதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். சூடு போட்டது நான்தான்னு சொன்னேன்.

"தெரியும்ட்டி. வேற யாரு போடுவா."

திட்டுக்கான்னு கெஞ்சினேன். திட்டல. அது எனக்குத் தாங்க முடியல.

"கடல் எப்படிட்டி இருந்துச்சு?"

நீ பாத்ததில்லையாக்கான்னு கேட்டேன்.

"எங்க பாக்க? எனக்குக் குவாரி ரோட்டுலதானே டூட்டி. ஒரு நாள் உன்ன ஏத்திக்கிட்டுப் போகணும்னு நினைச்சிருந்தேன். நீதான் முந்திக்கிட்டியே, அவசரக் குடுக்கை. சொல்லு, எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். அலையே இல்லக்கா, எண்ணெய் மாதிரி கிடக்குதுன்னு சொன்னேன். சுவரே வரமாட்டேங்குதுன்னு சொன்னேன். மழையைப் பத்திச் சொன்னேன். கையை உள்ள விட்டேன், கையுறை வழியா ஒண்ணுமே தெரியலன்னு சொன்னேன். அவ சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் கேட்டுச்சு.

நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். பாத்ததைச் சொல்லி முடிச்சுப் பாக்காததையும் சொன்னேன். மீன் துள்ளுச்சுன்னு சொன்னேன். இங்க ஏது மீனு. பொய் சொல்லாதட்டின்னு அவ சொல்லுவான்னு பாத்தேன்.

அவ சொல்லல.


பதிவு 8
மாலை 5:30.

சிலிண்டரை மாட்டிட்டேன். எடது பக்கம் திருகினேன். காத்து வருது. நாளைக்கு மத்தியானம் தாண்டியும் போதும்னு முள்ளு காட்டுது. இது எனக்குன்னு அவ இழுத்துக்கிட்டு வந்தது.

ஹீட்டர் போடல. இனி போடமாட்டேன். அவ கிடக்கிற சகதி மேலதான் வண்டி நிக்குது.

இதுக்கு மேல என்ன பதிவு போடணும்னு தெரியல. இப்ப செயற்கைக்கோள் மேல வருது. பச்சை விளக்கு எரியுது. நிலையம் கூப்பிடுது.

எடுக்கல.

திரும்பக் கூப்பிடுது.

அம்மா.

"உலகு? எம்மா, கேக்குதா? ரொசாரியோ மாமா கிட்டக் கேட்டு வாங்கிப் பேசுறேன். அக்கா வந்து சேந்துட்டாளா?"

வந்துட்டாம்மா.

"அப்பாடா. இப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு. கால் ஹீட்டரை அணைச்சுட்டு நடந்தாளாமே, காலு வெறச்சுப் போயிருக்கும் பிள்ளைக்கு. அவ கதவு தட்டும்போது வாசல் சூடு போட்டியா?"

போட்டேம்மா.

"என் தங்கம். அப்ப சரி. ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க."