காவல் வந்திருந்தது, அக்கா

ஆசை அக்கா பாக்கியத்துக்கு,

ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக் கொடிக்கு இந்த வாரம் கிளை வெட்டும் கவாத்து நடக்கிறது. மாமா ஒற்றை ஆளாக நின்று வேலை வாங்குகிறார். ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு சேதிக்காக.

வயிறு உப்பியபோது வாயு என்று நினைத்தாய். மதுரையில் சினைப்பைப் புற்றுநோய் என்றார்கள். அறுவை முடிந்து, மருந்து முடிந்து, தலைமுடி முளைக்கத் தொடங்கிய வேளையில் அது திரும்பி வந்தது. ஆராய்ச்சிக்குக் கட்டியில் கொஞ்சம் தருகிறாயா என்று டாக்டர் கேட்டார். "எடுத்துக்கிறச் சொல்லுத்தா. யாருக்காச்சும் ஆகட்டும்" என்றாய்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நோயை எதிர்க்கிற அணு எல்லாரு உடம்புலயும் இருக்குன்னு டாக்டர் சொன்னாகளே, எனக்கு மட்டும் ஏன்த்தா இல்லாமப் போச்சு? நான்தேன் உடம்பைப் பாக்காம விட்டுட்டனோ?"

ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கே பதில் தெரியவில்லை. "அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். நீ நம்பவில்லை. அந்த எண்ணத்தோடேயே போய்விட்டாய்.

உன்னைப் போன்ற பெண்கள் தந்த கட்டித் துணுக்குகளைத்தான் இப்போது பார்க்கிறோம். பலவற்றில் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன, அக்கா. எதிரியைத்தான் அவற்றால் அடையாளம் காண முடியவில்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருப்பதைக் கொஞ்சம் வெளியே காட்டும்; அதைப் பார்த்துத்தான் கெட்டது எது என்று தெரியும். புற்றுச்செல் அப்படிக் காட்டவைக்கும் மரபணுக்களை அடக்கிவிடுகிறது. அவை அழிந்துபோகவில்லை, வேலை செய்யாமல் கிடக்கின்றன. ஒரு மருந்தைச் சேர்த்ததும் சில செல்களில் மறுபடி வேலை செய்தன. கண்ணாடித் தட்டில்தான், மனித உடம்புக்கு வர இன்னும் காலமாகும்.

அதைப் பார்த்த அன்று ஆய்வகத்துக்கு வெளியே வந்து அழுதேன். உன் உடம்பும் சும்மா இருந்திருக்காது. இதைச் சொல்லியிருந்தாலும் நீ பிழைத்திருக்க மாட்டாய். நிம்மதியாகவாவது போயிருப்பாய், இல்லையா?

உன் மகள் செல்வியிடம் சொன்னேன். "எனக்கும் வருமா சித்தி?" என்றாள். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். மறுவாரம் மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்கவேண்டிய சின்னமனூர் வரும்வரை நான் அசையவில்லை.

வருஷா வருஷம் நானே கூட்டிப்போவேன், அக்கா. முடிவு எதுவானாலும், அவள் அதைத் தனியாகக் கேட்க மாட்டாள்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வியின் சித்தி