நடக்கத் தகுதி உண்டு

படை மருத்துவமனை
ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். உன் நலமும் உன் மாமியார் நலமும் அறிய ஆவல். மூன்று கடிதம் போட்டும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாப்பிள்ளை போன துக்கம் எனக்கும் இல்லையா?

ஒரு நல்ல செய்தி. போன திங்கட்கிழமை எனக்கு மூன்றாவது பதக்கம் கிடைத்தது. மலைப்பாதைப் பயணத்தில் எங்கள் படையில்தான் நோயாளிகள் மிகக் குறைவாம். பெரிய துரையே வந்து சட்டையில் குத்திவிட்டார். நம் நிறத்து டாக்டருக்கு இந்த மரியாதை கிடைப்பது இதுதான் முதல் முறை. புகைப்படம் இதனுடன் இருக்கிறது. கூடத்தில் மாட்டு.

அன்பு அண்ணன்,
கேப்டன்

ஜனவரி 24

அண்ணாவுக்கு,

புகைப்படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாட்ட ஆணி இல்லை என்று வைத்துக்கொள்.

உன்னிடம் காயம் கட்டும் வேலை பார்ப்பவர் விடுப்பில் வந்து என்னைப் பார்த்தார். மலைப்பாதைப் பயணம் புறப்பட்ட அன்று காலை என் கணவர் உன் கூடாரத்துக்கு வந்தாராம். மூன்று நாள் காய்ச்சல். நிற்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாராம். நீ கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "மாப்பிள்ளைன்னு உங்களை உட்கார வச்சா என்னைத்தான் பேசுவாங்க. மாத்திரையைப் போட்டுக்கிட்டு நடங்க" என்றாயாம். பதிவேட்டில் 'நடக்கத் தகுதி உண்டு' என்று கையெழுத்தும் போட்டாயாம்.

அவரைப் படையில் சேர்த்தது யார்? "நான் இருக்கேன், நீ ஏன் பயப்படுறே" என்று என்னிடம் சொன்னது யார்?

உன் கையெழுத்தை நம்பி, வழியில் விழுந்து செத்தவரை, 'அனுமதியின்றி வரிசையை விட்டு ஓடியவர்' என்று எழுதி மூடிவிட்டார்கள். குழாயடியில் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது. மாமியார் மகன் பேரையே எடுப்பதில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். காய்ச்சல்காரரை நடக்கச் சொன்னது நான்தான் என்று மேலிடத்துக்கு எழுது.

தங்கை

பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் நியாயம். என் நிலைமையையும் கேள். தினமும் காலையில் நாற்பது பேர் வந்து நிற்பார்கள். பாதிப் பேர் நடிப்பு. ஆறு டாக்டர்களில் நான் ஒருவன்தான் நம் ஆள். இவன் தன் ஆட்களுக்கு இளகுகிறானா என்று மற்ற ஐவரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் நம்மவர் என்றால் ஒரு பிடி இறுக்குவேன். சொந்தக்காரர் என்றால் இரண்டு பிடி. பதினெட்டு வருஷம் இப்படித்தான் காலம் தள்ளினேன்.

நீ கேட்கிறபடி எழுதினால் பதக்கத்தோடு வேலையும் போகும். ஒரு வழி சொல்கிறேன். கிளம்பும்போது நன்றாக இருந்தார், வழியில்தான் காய்ச்சல் கண்டது என்று எழுதித் தருகிறேன். ஓடியவர் என்ற பேர் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லை.

அண்ணன்

பிப்ரவரி 22

அண்ணாவுக்கு,

'யாருக்கும் நஷ்டமில்லை' என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? செத்த பிறகும் உன் பொய்யை அவர்தான் சுமக்க வேண்டுமா?

நாற்பது பேரில் யார் நடிக்கிறான் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். இவர் நடிக்க மாட்டார் என்று உனக்குத் தெரியும். பல் பிடுங்கிய அன்றும் வேலைக்குப் போன மனிதர். தெரிந்தேதான் அனுப்பினாய். ஐந்து பேர் பார்வைக்குப் பயந்து என் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டாய். இதில் உனக்குப் பதக்கம் வேறு.

உள்ளதை உள்ளபடி எழுது. இல்லாவிட்டால் நானே எழுதுவேன். காயம் கட்டுகிறவர் சாட்சி சொல்கிறேன் என்கிறார். உனக்குக் கீழே வேலை பார்க்கும் அவருக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்லை.

தங்கை

ஏப்ரல் 3

தங்கைக்கு,

எழுதிவிட்டேன். நீ மிரட்டியதற்காக இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதற்காகத்தான் எழுதினேன்.

பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாதக் கடைசியில் வேலையை விட்டும் அனுப்புகிறார்கள். நேற்று உணவுக்கூடத்தில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? சில நாள் உன் வீட்டில் வந்து இருக்கட்டுமா?

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

திருத்திய தாள் வந்தது. 'நோயுற்ற நிலையில், மருத்துவ அதிகாரியின் உத்தரவின் பேரில் நடந்தவர்' என்று போட்டிருக்கிறார்கள். கீழே உன் பேர். மாமியாருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மகன் போன பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்துவிட்டுக் கேட்டார்: "என் புள்ளையை அனுப்பினது உங்க அண்ணனா?"

"ஆமாங்க அத்தை" என்றேன்.

"அவன் இந்த வாசலுக்கு வந்தா நான் என்ன பண்ணணும், நீயே சொல்லு."

"வர மாட்டாங்க அத்தை. எனக்குப் பொறந்த வீட்டுல யாரும் இல்லை" என்றேன்.

அந்த அம்மாவிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. நீ வர வேண்டாம்.

தங்கை