இண்டூர் ஆரோக்கியத்தின் ரத்தம்

என் பிரியமான லூர்தக்காவுக்கு,

நீ போன பிறகு உன் மேல் எனக்குக் கோபம்தான் அதிகம். அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடுகிறது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மா நடந்துகொள்வது எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் ஊர்ச்செய்தி. கடத்தூரில் இந்த வருஷம் மழை பரவாயில்லை, ராகி நன்றாக வந்திருக்கிறது. ஜன்னலோரம் உன் மைக்ராஸ்கோப் இருந்த மேசையில் அம்மா ரேடியோவை வைத்திருக்கிறாள். உன் ஊதாச் சாயக் கறை மட்டும் மேசையை விட்டுப் போகவில்லை.

தர்மபுரி தனி மாவட்டமான சமயத்தில்தானே மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த நீ இங்கே வந்து உட்கார்ந்தாய்? ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் ஒருமுறை மெட்ராஸ் வந்துவிட்டு ஊர் திரும்பினால், அப்புறம் என்ன ஆகிறார்கள் என்றே தெரிவதில்லை, நானே வீடு தேடிப் போய்ப் பார்க்கிறேன் என்றாய். அதுதான் உன் ஆராய்ச்சி. நான் மோட்டார் சைக்கிள் ஓட்ட, நீ பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாய். பாப்பாரப்பட்டிப் பக்கம் நம்மைப் பார்த்ததும் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. டாக்டரம்மா விரலைக் குத்தினால் ஆள் பிழைக்காது என்று பேச்சு. நோய் முற்றியவர்கள் வீட்டுக்கே நீ போனால் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்?

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துக் காயவைப்பாய். எறும்பு தின்றுவிடும் என்று அம்மாவின் சோற்றுக்கூடையைக் கவிழ்த்து மூடுவாய். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "அடியே, ரத்தத்த மூடற கூடையிலயா நாளைக்கு நாங்க சோத்த வக்கறது? வேற வூடு பாத்துக்கடி நீ!"

காய்ந்த ரத்தத்தில் ஊற்றும் ஊதாச் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு எப்போதும் என் விரல்தான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று நீ உன் விரலையே குத்திக்கொண்டாய். அன்று ஜன்னலைவிட்டு நீ எழுந்திருக்கவே இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது உன் காதில் விழவில்லை. அந்த வாரம்தான் முதல்முறையாக இண்டூரில் ஆரோக்கியம் என்ற நோயாளிப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எங்கே தோன்றியது?

"பாவம்டா சூசை, நம்ம சாதிசனம் மாதிரிதான், கோயிலுக்குப் போறவ. வூட்ல யாருக்கும் சொல்லல. நீ வண்டியோட போய் நின்னா தெருவுக்கே தெரிஞ்சிரும். நான் பஸ்ல போய்ப் பாத்துக்கறேன்" என்றாய். பிறகு அவள் ரத்தத்தை எனக்குக் காட்டினாய். ராகியில் அவரைக்கொட்டையை அள்ளிப் போட்ட மாதிரி, பெரிய பெரிய ஊதா உருண்டைகள். அதுதான் நோய் என்றாய்.

அம்மா தினமும் செபமாலையில் ஆரோக்கியத்தைச் சேர்த்துக்கொண்டாள். கோயில் எண்ணெய் கொடுத்தனுப்பினாள். பண்டிகைக்கு ரவிக்கை தைக்க அளவு கேட்டாள். "என் அளவுதாம்மா அவளுக்கும்" என்றாய். அவளுக்காக மெட்ராஸிலிருந்து மாத்திரை வாங்கி வந்தாய். கொஞ்ச நாளில் நீ கறுத்துப்போனாய். என் வண்டியில் வெயிலில் அலைந்துதான் நீ கறுத்தாய் என்று அம்மா என்னைத் திட்டினாள், நீ சிரித்துக்கொண்டே நின்றாய். மாத்திரை அப்படிக் கறுக்க வைக்கும் என்று உனக்குத் தெரியும்தானே அக்கா?

மாதாமாதம் என்னைக் கூப்பிட்டு, "ஆரோக்கியம் எப்படி இருக்கா, நீயே பாத்துச் சொல்லு" என்பாய். உருண்டைகள் குறைந்திருக்கின்றன என்று நான் சொன்னால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவாய். ஒருதரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பள இனி தாங்காது போலிருக்குதுக்கா" என்றேன். நீ கண்ணாடியைத் துடைத்தபடி, "எனக்கும் அப்படித்தான்டா படுது" என்றாய்.

அதற்குப் பிறகு மெட்ராஸ் போனவள் வேனில்தான் வந்தாய். விஷக் காய்ச்சல் என்றார்கள். நீதான் அப்படிச் சொல்லச் சொன்னாயாம். அடக்கம் முடிந்ததும் அம்மாவுக்கு முதல் கவலை ஆரோக்கியம். "இனி அவளுக்கு யாருடா மாத்தர குடுப்பா? போய்க் குடுத்துட்டு வாடா" என்று உன் பெட்டியிலிருந்ததை என் கையில் கொடுத்தாள்.

இண்டூரில் தெருத்தெருவாகக் கேட்டேன். மாதாகோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடமும் கேட்டேன். கடைசியில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடைக்காரர் சொன்னார்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க. டாக்டரம்மா வருவாங்க, தெரியும். பஸ்ஸ விட்டு எறங்கி, அந்தப் புளியமரத்தடியில தனியா ஒக்காருவாங்க. தன் வெரல தானே குத்திக்குவாங்க. கண்ணாடியில தடவிக்கிட்டு அடுத்த பஸ்ல போயிருவாங்க. என்னமோ நேர்த்திக்கடன்னு நாங்க கேக்கறதில்லீங்க."

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியம் நீதான். இத்தனை காலம் உன் ரத்தத்தைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறாய். உன் சாவுக்கு என்னிடமே ஜோசியம் கேட்டிருக்கிறாய். உனக்கு என்ன திமிர் இருந்தால் இப்படிச் செய்திருப்பாய்! முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நாங்கள் அழுதே உன் வேலையைக் கெடுத்திருப்போமா? கெடுத்திருப்போம்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். ஆரோக்கியம் நன்றாக இருக்கிறாள், நோய் குணமாகிவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மாவுக்கு அது போதும். தன் மகள் போனாலும் மகள் வைத்தியம் பார்த்த ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்றுதான் அவள் எழுந்து நடமாடுகிறாள். இதை உடைத்தால் அம்மாவும் இருக்கமாட்டாள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் வயலிலிருந்து மத்தியானம் வந்தபோது அம்மா முகம் பளிச்சென்று இருந்தது.

"ஆரோக்கியம் வந்திருந்தாடா. இப்பதான் போறா, நீ வழியில பாக்கலயா?"

வாசலில் தண்ணீர்ச் சொம்பு காலியாக இருந்தது. அம்மாவே குடித்திருக்கலாம். பக்கத்து வீட்டு யாராவது வந்ததைத் தவறாக நினைத்திருக்கலாம். "என்னம்மா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா இருக்கா. கறுப்பு கூட கொறஞ்சிருச்சாம். அவளுக்கும் ஒன்ன மாதிரி ஒரு தம்பியாம்டா. அக்கா மேல கோவமாம். ஒழுங்கா திங்கறதில்லயாம். வூட்ல போட்டுக் குடுக்கற சோத்த கொண்டுபோய் மாட்டுத்தொட்டியில கொட்டறானாம். சொல்லிச் சொல்லி அழுதுட்டுப் போறா."

அக்கா, நீ போனதிலிருந்து வயலுக்குக் கட்டிக்கொடுக்கும் சோற்றை நான் மாட்டுத்தொட்டியில்தான் கொட்டுகிறேன். அது என்னையும் மாட்டையும் தவிர யாருக்கும் தெரியாது.

இன்று கட்டிக்கொடுத்ததை முழுவதும் தின்றுவிட்டேன். இனியும் தின்பேன், சத்தியம். அம்மாவிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன், அதுவும் சத்தியம். கோபமெல்லாம் போய்விட்டது. அடுத்த தடவை நான் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வா.

வயிறார உண்டுவிட்டு, வாசலைப் பார்த்தபடி,
உன் கூடப்பிறந்த தம்பி
சூசை