யுகிவாரிசோ பூத்துவிட்டது

அன்புள்ளவருக்கு,

நீங்கள் காட்டிலிருந்து பெயர்த்து வந்து தொட்டியில் வைத்த யுகிவாரிசோ, முற்றத்துப் பனி கரையுமுன்பே பூத்துவிட்டது. டோக்கியோவிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்து, "தண்ணி அதிகமா ஊத்தாத, வேர் அழுகிடும்" என்று அதைத்தான் விசாரிக்கிறீர்கள். படுத்த படுக்கையாக இருக்கும் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நேற்று எரிச்சலில் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அத்தையின் தலைமாட்டில் வைத்தேன். என்னையே யாரென்று கேட்பவர், பூவைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"ரியோஹெய் வந்துட்டானா? காலக் கழுவச் சொல்லும்மா, சேத்தோட உள்ள வந்துடுவான்!"

"வந்துட்டாரு அத்தை, கழுவிட்டிருக்காரு" என்றேன். வேறென்ன சொல்ல?

இன்று காலையும் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஊட்டப் போனால், "அவன் வரட்டும்" என்கிறார்.

இன்னும் எவ்வளவு நேரம்தான் கால் கழுவுவீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மனைவி