அக்காவுக்கு எடுத்த சேலை

ஜூலை 26, சனி

காலையிலிருந்தே காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம். எதிர் வீட்டுத் தகரம் பறந்தது, அதுவரை நிஜம். வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ், நின்றுகொண்டே. விளக்குத்தூண் பக்கம் தள்ளுபடிக் கூட்டம், காலெல்லாம் மிதி.

வாங்கியவை: அக்காவுக்குச் சேலை, ஜாக்கெட் துணி, கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமம். எனக்கு ஒரு சேலை. பல்பு மறந்துவிட்டது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. இவருடைய முதல் மனைவி, கலா. காய்ச்சலில் போய்விட்டாள். நான் இளையாளாக வந்தவள். ஆடி மூன்றாம் வெள்ளி அவள் படத்துக்கு முன்னால் கோடிச் சேலை வைத்துப் படையல் போட வேண்டும், கும்பிட்டதும் அதை நான் உடுத்த வேண்டும். முறை அப்படி. ஒரே ஒரு கட்டுப்பாடு, அவளுக்கு வைப்பதற்கு முன்னால் அந்தச் சேலை வேறு எவள் மேலும் படக் கூடாது.

பட்டுவிட்டது. என் மேலேயே.

மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. "சும்மா மேல வச்சுப் பாருங்க மேடம்" என்று கடைப்பெண் கொசுவம் பிடித்துச் சுடிதாருக்கு மேலேயே செருகி, தோளில் முந்தானையைப் போட்டு, கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டாள். படையல் சேலைம்மா, வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

"கறுப்புக்கு மஞ்ச எடுப்பா இருக்காதுடி." தீபாவளிக்குத் தீபாவளி அம்மா சொன்னது. அதை நம்பி என் பீரோ முழுக்கச் சாம்பல், காப்பிப்பொடி, மண். இன்று கண்ணாடியில் நின்றவளுக்கு எடுப்பாக இருந்தது. கழுத்து நீளமாகத் தெரிந்தது. அழகாக இருந்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

வேறு சேலை கேட்டிருக்கலாம். அதையே பில் போடச் சொன்னேன். எனக்கு, வழக்கம்போல் சாம்பல். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கறிக்குழம்பு. உப்பு கூடிவிட்டது, யாரும் சொல்லவில்லை.

அத்தை கவரைத் தொட்டுப் பார்த்தார். "அவளுக்குப் பிடிச்ச கலராத்தான எடுத்த?" ஆமாம் அத்தை.

ஹாலில் அக்கா படம். சிவப்புச் சேலை, பல் தெரியச் சிரிப்பு. நல்ல நிறம். போன வருடப் படையலில் கிளிப்பச்சை. நான் உடுத்தி வந்ததும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு ஓ என்று அழுதார். "அப்பிடியே எம்மருமக வந்து நின்ன மாதிரி இருக்கு." அப்போது நான் யாராம்? இவர் பெட்ரோல் போட்டுவிட்டு வருவதாகப் போய், இருட்டிய பிறகுதான் வந்தார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வாய்ச்சொல் இல்லை. அத்தனை பேரும் என்னைத் தாண்டி யாரையோ பார்த்தார்கள். எனக்கே ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

ஜூலை 28, திங்கள்

பசுமலை, பள்ளிக்கூடம். யூனிஃபார்ம் சேலை நாள். டீச்சர்கள் எல்லோரும் ஒரே நீலம். எனக்குப் பிடித்த கிழமை, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பு நோட்டு பாக்கி.

தலையில் விழுந்த குண்டு: சனிக்கிழமை பள்ளி விழாவில் வரவேற்புரை நானாம். தமிழ் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "மைக் முன்னாடி எனக்கு நடுங்கும் சார்" என்றேன். ஹெச்.எம். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

விமலா மிஸ், பக்கத்து நாற்காலி, வாய்த்துடுக்கு: "மிஸ், அன்னைக்கும் சாம்பலப் பூசிக்கிட்டு வந்துறாதீங்க. மேடை. ஆளு தெரிய வேண்டாமா?" நானும் சிரித்தேன்.

பீரோவில் இருக்கும் மஞ்சள் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை படையல் முடிந்தால் சனிக்கிழமை அதை உடுத்தலாம்தான். உடுத்தினாலும் அது அவளுடையது.

ஜூலை 30, புதன்

பீரோவைத் திறந்தால் கவர் வாய் பிளந்து கிடக்கிறது, முந்தானை நுனி வெளியே. பின் குத்தி வைத்தேன். குத்தினேனா? உள்ளே மரிக்கொழுந்து வாசம். இந்த வாரம் இந்த வீட்டுக்கு மரிக்கொழுந்து வரவில்லை. அக்காதான் தினமும் வைப்பாளாம், அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காற்றாக இருக்கும். பூட்டின பீரோவுக்குள் என்ன காற்று?

சாயங்காலம் படத்து விளக்கு இரண்டு தடவை அணைந்தது. ஜன்னலைச் சாத்திய பிறகும். அக்கா, தெரியாமல் நடந்துபோச்சு என்று மனசுக்குள் சொன்னேன். பொய். தெரிந்துதான். கணக்கு டீச்சர் நான், ஒரு சேலைக்கவருக்குப் பயந்து பாத்ரூமுக்குக்கூட ஹால் விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறேன். வெட்கக்கேடு.

ஜூலை 31, வியாழன்

அத்தையிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, கடையில அந்தப் பிள்ளை சேலைய எம்மேல போட்டுப் பாத்துருச்சு. நான் தடுக்கல."

கை நின்றது. வசவு வரும் என்று காத்திருந்தேன்.

"கண்ணாடியில பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லாருந்துச்சா?"

"... இருந்துச்சு அத்தை."

அடுத்த காம்பை எடுத்து உருவினார்.

"அப்ப அது ஒன்னோடதுத்தா. நீ உடுத்துனத அவளுக்கு எப்பிடி வைக்க? கோவிச்சுக்கிருவா. ஒனக்குன்னு எடுத்தியே சாம்பக் கலரு, அதை வையி. அதை யாரும் தொடலேல்ல?"

"அந்தக் கலர் அக்காவுக்குப் பிடிக்காதே."

"போனவளுக்கு என்ன கலரு வேண்டிக் கெடக்கு." சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மஞ்சள் என்னுடையது! யாருக்கும் வைக்காத, எனக்கே எனக்கான மஞ்சள். அரக்கு ஜாக்கெட் இருக்கிறது, கை கொஞ்சம் இறுக்கம், பிரித்துத் தைத்துவிட்டேன். தைக்கும்போது பாட்டு முனகினேன் போல. இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆக. 1, வெள்ளி

படையல். சர்க்கரைப் பொங்கல், வெங்காய வடை (அக்காவுக்குப் பிடித்தது), மொச்சை. விளக்கு அணையவில்லை. சாம்பல் சேலை அவள் படத்துக்குக் கீழே பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருந்தது. பாவம்.

கும்பிட்டு, அதை உடுத்தி, ஹாலுக்கு வந்தேன். அத்தை மேலிருந்து கீழே பார்த்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அழவில்லை.

"அவ வரலையே" என்றார்.

இவர் சாப்பிட்டார், இரண்டாம் தடவை வடை கேட்டார், படுத்துவிட்டார். எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். இருந்தது. கூடவே ஒரு எரிச்சல். சாம்பலைக் கட்டினால் அவள் வர மாட்டாளாம். இத்தனை வருடம் அதையே கட்டிக்கொண்டிருந்தேன், நான் மட்டும் வந்தேனா?

ஆக. 2, சனி

காற்றே இல்லை. புழுக்கம். இவர் எழும்பும் முன்பே மஞ்சளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மைக் வரைக்கும் நடுக்கம். பிறகு என்ன ஆனதோ, குரல் கணீர் என்று வந்தது. கை தட்டினார்கள். விமலா மிஸ் ஓடி வந்து, "யாத்தே! யாரு மிஸ் இது, இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். அங்கே ஒருவருக்கும் அக்காவைத் தெரியாது. பார்த்தது என்னை, முழுக்க என்னை. பஸ்ஸுக்கு நடந்த வழியில் கடைக் கண்ணாடி வந்தபோதெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன், வெட்கமில்லாமல்.

வீட்டில் அத்தை இல்லை, கோயில். இவர் ஹாலில் டேபிள் ஃபேனைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது.

கல்யாணமானதிலிருந்து என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். சுமதி என்று ஒரு தடவை கூட இல்லை. பார்க்கவும் மாட்டார், சட்டை பட்டனைப் பார்த்துப் பேசுவது போல எங்கேயாவது பார்ப்பார். இன்று முகத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கலா" என்றார். மெதுவாக, பக்கத்தில் தூங்குகிறவளை எழுப்புவது போல.

சொன்னது அவருக்கே தெரியவில்லை. நான் சுமதிங்க என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. அவ்வளவு ஆசையாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை, அம்மா உட்பட.

"என்னங்க" என்றேன்.