திவசம் வரை மூடி வைத்த ரேடியோ

ஒக்டோபர் 2, எல்கடுவ
காலையில் மூடுபனி, மத்தியானம் இடி. பிள்ளைக்காம்பராவில் பாதிக் குழந்தைகளுக்குச் சளி. அம்மாமார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட, பிள்ளை பார்க்கும் ஆயா நான்தான் எல்லா மூக்கையும் துடைக்க வேண்டும். முந்தானை நாறுகிறது.

முந்தாநாள் மாமனாரின் தலைத் திவசம் முடிந்தது. படையலில் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இன்று காலை இவர், "இனி ரேடியோவ எறக்கலாம்" என்றார். ஒரு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்துக் கிடந்தேன்.

போன வருஷம் இவரும் கொழுந்தனும் மாத்தளையில் ஒரே கடையில் ஒரே நாளில் ஆளுக்கொரு ரேடியோ வாங்கினார்கள். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே நிறம். அடுத்த வாரமே மாமா போய்விட்டார். ஆட்கள் வந்து சேருமுன் இவர் எங்கள் ரேடியோவைத் துண்டில் சுற்றி மேல் பலகையில் வைத்துவிட்டார். சாவு வீட்டில் பாட்டா, திவசம் வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. பக்கத்துக் காம்பராவில் கொழுந்தனும் அவன் பெண்சாதி சரோஜாவும் கருமாதி முடிந்த கையோடு தங்களுடையதை மெதுவாகப் போட ஆரம்பித்தார்கள். நடுவில் இருப்பது ஒரு சுவர். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் எனக்குக் கேட்கும்.

சாயங்காலம் துண்டை அவிழ்த்து, சாம்பிராணி காட்டி, திருகினேன். சத்தமே இல்லை. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. ஒரு வருஷம் உள்ளேயே இருந்த பெட்டரி ஒழுகிக் கம்பியெல்லாம் அரித்துவிட்டது. புதுப் பெட்டரி போட்டோம். அதற்கும் மூச்சுப் பேச்சில்லை.

கேரண்டி ஒரு வருஷம். முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு.

ஒக்டோபர் 3
வெயில். உளுந்து ஊற வைக்க மறந்தேன்.

இருட்டியதும் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் சரோஜா வீட்டில். நாடகம் கேட்க. வாசலில் செருப்புக் கும்பல். "அக்கா, நீங்களும் வாங்களேன், தொடங்கப் போகுது!" என்று கூப்பிட்டாள். வேலை கிடக்கிறது என்றேன். ஒரு வேலையும் கிடக்கவில்லை. கழுவிய சட்டியை மறுபடி கழுவினேன்.

பிறகு இவர்: "நியூஸ் மட்டும் கேட்டுட்டு வந்துர்றேன்." நமக்கு உத்தரவு போட்ட மனுஷன் அங்கே போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்திருக்கிறார். வரும்போது கையில் அவள் கொடுத்த முறுக்கு. மொறுமொறுவென்று நன்றாக இருந்ததாம். நான் தொடவில்லை.

பொறாமைதான். நான் எழுதும் இந்தக் கொப்பியை யாரும் பார்க்கப் போவதில்லை, வேறு பெயர் வைத்து எழுதுவானேன். மூத்த மருமகள் நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து நல்லது கெட்டதுக்கு ஆட்கள் கூடியது என் வாசலில்.

அவளுடைய ரேடியோவும் சித்திரையில் கெட்டதுதான். கேரண்டிக்குள் கெட்டதால் கடையில் புதிது மாற்றிக் கொடுத்தார்கள். துக்கம் காத்த வீட்டுக்குச் செத்த ரேடியோ, காக்காத வீட்டுக்குப் புது ரேடியோ. மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாரா? அப்படிக் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

ஒக்டோபர் 6
பௌர்ணமிப் போயா லீவு. தலை முழுக்கு. துணி துவைப்பு. இவர் தூக்கம்.

சரோஜா ரேடியோவை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு தலை உலர்த்தினாள். முடி இடுப்புக்குக் கீழே. அதையும் எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

ஒக்டோபர் 8
லீவு சொல்லிவிட்டு மாத்தளை போனோம். பஸ்ஸில் இடமில்லை. ரேடியோவை மடியில் வைக்கவும் முடியாமல் இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன்.

கடை முதலாளி பில்லைப் பார்த்தார். "கேரண்டி முடிஞ்சி போச்சே, தங்கச்சி."

"நாங்க ஒரு வருஷமா போடவேயில்லையே, மொதலாளி."

"போட்டாலும் போடாட்டியும் பில்லு போட்ட நாள்லேருந்துதான். அதோட பெட்டரிய கழட்டாம வச்சிருக்கீங்க. அது உங்க பிழை."

இவர் தலையாட்டினார். யார் பக்கத்துக்கு ஆட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ரேடியோவைத் திரும்ப இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். வெளியே வந்த பிறகு எத்தனையோ பேச்சு வந்தது. பஸ் முழுக்க மனதுக்குள் முதலாளியோடு சண்டை பிடித்தேன்.

இறங்கியதும் சரோஜா. "என்னக்கா சொன்னாங்க?"

அவளிடம் போய் இல்லையென்று சொல்வதா? "அடுத்த கிழம வரச் சொன்னாங்க. சரி பண்ணித் தருவாங்களாம்."

"அப்ப நானும் வர்றேன்க்கா. தீபாவளிக்குச் சீல பாக்கணும்."

என் வாயைத் தைத்தால் என்ன?

ஒக்டோபர் 12
மழை. கூரையில் ஒழுக்கு, அடுப்புக்கு நேரே.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். "நீதானே சொன்ன, நீயே பாத்துக்க" என்றார். அப்படியானால் இவரையே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொன்னேன். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாங்க: உளுந்து, சீனி, தேங்காயெண்ணெய், இவருக்குச் சாரம் (இந்த மனுஷனுக்கு எதற்கு?).

ஒக்டோபர் 15
மாத்தளையிலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன்.

மூன்று பேரும் போனோம். கடையில் நல்ல கூட்டம். முதலாளி என்னைக் கண்டதும், "போன கிழமையே சொன்னேனே தங்கச்சி, ஏலாதுண்டு" என்றார். எல்லார் முன்னாலும் மூக்கு உடைந்தது. சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். சிரிக்கவில்லை. என் கையிலிருந்த ரேடியோவை வாங்கி அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"மொதலாளி, எங்க மாமா செத்தப்ப நீங்க வந்தீங்கதானே?"

"வந்தேன். நல்ல மனுஷன்."

"அக்கா வீட்டுலதானே ஒக்காந்தீங்க? ஒங்க தலைக்கு மேல பலகையில துண்டுல சுத்தி இருந்திச்சே, அதுதான் இது. திவசம் வரைக்கும் அப்புடியேதான் இருந்திச்சு. நாந்தான் கருமாதி முடிஞ்ச ஒடனே போட்டேன். பாட்டுக் கேட்டுக் கேட்டே ஒடச்சேன். எனக்கு மாத்திக் குடுத்தீங்க. மாமாவுக்கு மரியாத குடுத்தவங்களுக்கு இல்லங்கிறீங்களா?"

கடையில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். இவர் கூரையைப் பார்த்தார்.

"பெட்டரிய கழட்டி வச்சிருக்கணும்மா..."

"விக்கிறப்ப அத சொன்னீங்களா? எனக்கும் சொல்லல்ல, அவங்களுக்கும் சொல்லல்ல. விஷயம் தெரிஞ்சவங்க நீங்க. நீங்கதானே சொல்லணும்?"

முதலாளி ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "வச்சிட்டுப் போங்க. தீபாவளிக்கு முந்தி செஞ்சி தாறேன். காசு வாணாம்" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. அன்று அந்த முதலாளிக்குக் குடிக்கக் கோப்பி கொடுத்தது நான். குனிந்து, என் கையால். அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? அவளுக்கு வந்ததே. அதுவும் தன் குற்றத்தை ஊரார் முன்னால் தானே சொல்லிக்கொண்டு. என்னால் முடிந்திருக்காது. அதுதான் இன்னும் எரிகிறது.

வரும் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். சொல்லவில்லை. அவள் எடுத்த சீலை மாம்பழ நிறம். அவளுக்குப் பொருந்தும்.

தீபாவளிக்கு முதல் நாள்
இவர் போய் எடுத்து வந்தார். பாடுகிறது! லேசாக ஒரு இரைச்சல், பரவாயில்லை. பலகை துடைத்து, பூவேலைத் துணி விரித்து, அதன்மேல் வைத்தேன். நாளைக்கு எல்லாரையும் இங்கே வரச் சொல்லி மாரியாயியிடம் சொல்லி அனுப்பினேன். எதிர்லயத்து மாரியாயியிடம் சொன்னால் மலை முழுக்கச் சொன்ன மாதிரி. முறுக்கு சுட்டேன். மொறுமொறுவென்றுதான் வந்திருக்கிறது.

தீபாவளி
எண்ணெய் முழுக்கு, கோயில், இட்டலி. பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் புதுச் சட்டையில், மூக்கு மட்டும் பழைய மூக்கு.

சாயங்காலம் வீடு கொள்ளவில்லை. செருப்பெல்லாம் என் வாசலில். முறுக்குச் சட்டி காலி. கண் நிறையப் பார்த்துக்கொண்டேன். கடைசியாக சரோஜா வந்து கதவோரம் உட்கார்ந்தாள், மாம்பழச் சீலையில்.

பாட்டுக்கு நடுவில் மாரியாயி, "ஏ சரோஜா, மாத்தள கடையில மொதலாளிய மடக்கிட்டியாமே? அந்தப் பேச்ச இன்னொருக்கா சொல்லேன்" என்றாள். எல்லாக் கழுத்தும் ரேடியோவை விட்டு சரோஜா பக்கம் திரும்பிவிட்டது. என் வீட்டில், என் ரேடியோ பாடும்போது.

சரோஜா சொன்னாள்: "நான் எங்க பேசினேன்? அக்காதான் பேசினாங்க. நான் சும்மா பக்கத்துல நின்னேன்."

இவர் முறுக்கைக் கடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். மாரியாயி வாயைப் பிளந்து, "அப்புடியாக்கா?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்லவளாவதிலும் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

ஆமென்று தலையை ஆட்டினேன். எழுந்து போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.